ட்யூனர் முதலில், பதிவு பிறகு

லினக்ஸ் கணினியில் டிவி ட்யூனர் கார்டைச் செருகி, மித்டிவி போன்ற மென்பொருளால் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்பவர்கள் ஒரு குழப்பத்தை அடிக்கடி சந்திக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பதிவாகியிருக்க வேண்டிய படம் பதிவாகவில்லை. லாகைத் திறந்தால், கணினி தொடங்கிய சில வினாடிகளில் ட்யூனரைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. கார்டு போய்விட்டதோ என்று சோதித்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. பதிவு மென்பொருளை மட்டும் நிறுத்தி மறுபடி தொடங்கினால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் கணினியை அணைத்துப் போட்டால் சரியாக வருகிறது. அதற்கு மறுநாள் மறுபடி வரவில்லை.

பழுது கார்டிலும் இல்லை, மென்பொருளிலும் இல்லை. கார்டு தயாராவதற்குள் மென்பொருள் எழுந்துவிட்டது, அவ்வளவுதான். எது முந்துகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், கோளாறும் வந்து வந்து போகிறது. இதற்கு எல்லோரும் கைகாட்டும் மருந்து, மென்பொருளை முப்பது வினாடி தூங்கவைத்துப் பிறகு தொடங்கச் சொல்வது. அந்த மருந்து ஏன் போதாது, முறையான வழி எது, அந்த வழியும் எந்த எல்லைவரை உதவும் என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

வானலையில் வரும் டிஜிட்டல் ஒளிபரப்பு மறையாக்கம் இல்லாமல் இலவசமாகக் கிடைக்கும் நாடுகளில்தான் இப்படிப் பதிவு செய்யும் பழக்கம் வேரூன்றியது. பிரிட்டனின் ஃப்ரீவியூ சேவை 2002இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஐசக் ரிச்சர்ட்ஸ் மித்டிவியை எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கூரையில் ஆண்டெனா, கூடத்தின் மூலையில் ஒரு கணினி, அதனுள் ஒன்றிரண்டு ட்யூனர் கார்டுகள்: இவை போதும், வீட்டுக்கென்று சொந்தமான ஒரு ஒளிப்பதிவு நிலையம் அமைந்துவிடும். மாதச் சந்தா இல்லை. பதிவு செய்ததை யாரும் தொலைவிலிருந்து அழிக்கவும் முடியாது. இந்தத் தன்னாட்சிக்காகத்தான் பலர் பொறுமையோடு இந்தக் கணினிகளைப் பராமரிக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு மரியாதை தர வேண்டுமானால், கோளாறின் காரணம் அவர்களுக்குப் புரியும்படி சொல்லப்பட வேண்டும்.

மின்சாரம் வந்த கணத்திலிருந்து ட்யூனர் திறக்கத் தயாராகும் கணம்வரை என்ன நடக்கிறது? கெர்னல் எழுந்ததும் தன்னோடு இணைக்கப்பட்ட வன்பொருள்களைத் தேடுகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள் சீக்கிரம் தென்படும். யூஎஸ்பி கருவிகள் அப்படியல்ல. ஹப் ஒவ்வொன்றும் தன் துளைகளில் என்ன செருகப்பட்டிருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கருவி தென்பட்டதும் அதற்குரிய டிரைவர் ஏற்றப்படுகிறது. டிரைவர் ஏறியதாலேயே வேலை முடிந்துவிடுவதில்லை. பிரிட்டனில் பலர் வைத்திருக்கும் ஹாப்பாக் நிறுவனத்தின் டூயல்எச்டி யூஎஸ்பி ட்யூனரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை டிரைவரான இஎம்28எக்ஸ்எக்ஸ் முதலில் ஏறுகிறது. டிவி பகுதிக்கான இன்னொரு மாட்யூலை ஏற்றும்படி கேட்டுவிட்டு அது தன் போக்கில் போய்விடுகிறது. அந்த இரண்டாவது மாட்யூல் வந்து, உள்ளே இருக்கும் சிப்புகளை அடையாளம் கண்டு, கடைசியில்தான் ட்யூனருக்கான கோப்புகள் உருவாகின்றன. டெவ் அடைவுக்குள் டிவிபி, அதற்குள் அடாப்டர்0, அதற்குள் டிமக்ஸ்0, டிவிஆர்0, ஃப்ரண்ட்எண்ட்0 என்று அவை வரிசையாக நிற்கும். பதிவு மென்பொருள் தேடுவது இந்த ஃப்ரண்ட்எண்ட் கோப்பைத்தான்.

ஆகவே டிரைவரை முன்கூட்டியே ஏற்றிவிடலாமே என்று அதன் பெயரை மாட்யூல் பட்டியலில் எழுதிவைப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பலன் கிடைப்பதில்லை. டிரைவர் நினைவகத்தில் இருப்பது ஒன்று, ட்யூனர் கோப்பு பிறப்பது வேறொன்று.

இடையில் ஃபர்ம்வேர் என்ற இன்னொரு படி உண்டு. பல ட்யூனர்களின் உள்ளே ஒரு சிறு செயலி இருக்கிறது. அது இயங்குவதற்கான நிரல் கருவியிலேயே நிரந்தரமாக இருக்காது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினிதான் அதைத் தன் வட்டிலிருந்து எடுத்துக் கருவிக்கு அனுப்ப வேண்டும். டிப்காம் நிறுவனத்தின் சிப்புகளைக் கொண்ட பழைய நோவா-டி யூஎஸ்பி ட்யூனர்கள் இதற்கு நல்ல உதாரணம். செருகியதும் அவை குளிர்ந்த நிலையில் இருப்பதாக டிரைவர் லாகில் எழுதும். ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்ததும் கருவி சூடான நிலைக்கு மாறும். அதன் பிறகுதான் ட்யூனராக அடையாளம் காட்டும். அந்த ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இல்லையென்றால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் ட்யூனர் வராது. காத்திருப்புப் பிரச்சினை என்று நினைத்துப் பலர் அலைவது உண்மையில் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாத பிரச்சினையாக இருக்கும். கெர்னல் லாகில் அந்தக் கோப்பின் பெயரே இருக்கும். முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஃபர்ம்வேரும் டிவி கார்டுகளும் சேர்ந்து லினக்ஸ் வரலாற்றிலேயே ஒரு பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியிருக்கின்றன. 2012 வரை ஃபர்ம்வேர் கோப்பை வட்டிலிருந்து எடுத்துத் தரும் வேலையை, கருவிகளைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் செய்துவந்தது. அந்த ஆண்டு யூடெவ் வேலை செய்யும் முறையில் வந்த ஒரு மாற்றத்தால், டிரைவர் ஃபர்ம்வேருக்காகக் காத்திருக்க, யூடெவ் அந்த டிரைவர் ஏறி முடிவதற்காகக் காத்திருக்க, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. காலக்கெடு முடியும்வரை எதுவும் நகராது. அடி வாங்கியவற்றில் முக்கியமானவை டிவி ட்யூனர் டிரைவர்கள். ஊடகக் கருவிகளின் டிரைவர்களைப் பராமரித்துவந்த மௌரோ கார்வால்யோ செஹாப் இதைக் கெர்னல் வட்டாரத்தில் எழுப்பினார். லினஸ் டோர்வால்ட்ஸ் யூடெவ் தரப்பைக் கடுமையாகக் கண்டித்தார். முடிவில் ஃபர்ம்வேரைக் கெர்னலே நேரடியாக வட்டிலிருந்து படித்துக்கொள்ளும் ஏற்பாடு, 2012 டிசம்பரில் வெளிவந்த 3.7 பதிப்பில் சேர்ந்தது. இன்று நம் ட்யூனர்கள் அந்த முட்டுச்சந்தில் சிக்காமல் எழுவதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் தானாக நடந்ததே என்று மூத்த பயனர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. பழைய சிஸ்வி முறையில் சேவைகள் எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும். பதிவு மென்பொருளுக்குக் கடைசி எண்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதன் முறை வருவதற்குள் கார்டுகள் விழித்திருக்கும். வட்டுகளும் அப்போது மெதுவானவை. அந்த மெதுவே பாதுகாப்பாக அமைந்தது. 2010இல் லெனார்ட் பொயட்டரிங்கும் கே சீவர்ஸும் கொண்டுவந்த சிஸ்டம்டி இந்த ஒற்றை வரிசையைக் கலைத்தது. ஒன்றை ஒன்று சாராத சேவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்பது அதன் கொள்கை. ஃபெடோரா 2011இலும், டெபியனும் உபுண்டுவும் 2015இலும் அதை இயல்பான முறையாக ஏற்றன. கூடவே எஸ்எஸ்டி வட்டுகள் வந்தன. கணினி சில வினாடிகளில் எழுந்துவிடுகிறது. யூஎஸ்பி ட்யூனரோ தன் பழைய வேகத்தில்தான் எழுகிறது.

சிஸ்டம்டி மீது இதற்காகக் கோபப்படுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பழைய முறையில் சார்பு என்பது எங்கும் எழுதப்படாமல், தற்செயலான தாமதத்தில் மறைந்திருந்தது. இந்த மென்பொருளுக்கு அந்தக் கார்டு வேண்டும் என்று யாரும் கணினிக்குச் சொன்னதேயில்லை. சிஸ்டம்டி வந்ததும் சொல்லப்படாத அந்தச் சார்பு வெளியே தெரிந்தது. இப்போது நாம் அதைச் சொல்லியாக வேண்டும்.

முப்பது வினாடி தூக்கம் இந்தச் சொல்லும் வேலையைச் செய்வதில்லை. இன்று முப்பது போதும். நாளை இன்னொரு யூஎஸ்பி ஹப்பைச் சேர்த்தாலோ, கெர்னலைப் புதுப்பித்தாலோ, வட்டுச் சோதனை குறுக்கிட்டாலோ போதாமல் போகும். உடனே நாற்பத்தைந்து ஆக்குவோம், பிறகு அறுபது. ட்யூனர் ஐந்தாவது வினாடியில் தயாராகிவிட்ட நாட்களிலும் மீதி ஐம்பத்தைந்து வினாடி வீணாகும். அவசரத்துக்கு, காரணத்தை உறுதிப்படுத்திக்கொள்ள, ஒரு நாள் தூங்கவைத்துப் பார்ப்பதில் தவறில்லை. கோளாறு மறைந்தால் பிரச்சினை நேரம் சார்ந்தது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனையையே நிரந்தரத் தீர்வாக விட்டுவிடுவதுதான் தவறு.

சிலர் ஒரு படி மேலே போய், ஃப்ரண்ட்எண்ட் கோப்பு தென்படும்வரை வினாடிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கும் சிறு ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். கடிகாரத்தை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதில் ஒரு நுட்பமான ஓட்டை இருக்கிறது. கெர்னல் அந்தக் கோப்பை உருவாக்கும்போது அதை ரூட் பயனர் மட்டுமே தொட முடியும். அதற்குப் பிறகு யூடெவ் வந்து, அதை வீடியோ என்ற குழுவுக்கு உரியதாக்கி, அந்தக் குழுவில் உள்ள மென்பொருள்களுக்கு அனுமதி தருகிறது. இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஸ்கிரிப்ட் சரியாக அந்த இடைவெளியில் எட்டிப்பார்த்தால், கோப்பு இருக்கிறது என்று பச்சைக்கொடி காட்டிவிடும். மென்பொருள் போய்த் திறந்தால் அனுமதி மறுக்கப்படும். அபூர்வமாக நடக்கும் கோளாறு. அபூர்வம் என்பதாலேயே கண்டுபிடிக்க மிகவும் கடினமானது.

யூடெவ் தன் வேலைகளை முடித்து ஓயும்வரை காத்திருக்கும் செட்டில் என்ற சேவையும் சிஸ்டம்டியோடு வருகிறது. அதன் பின்னால் பதிவு மென்பொருளை நிறுத்துங்கள் என்று இன்றும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்தச் சேவையின் கையேடே சொல்கிறது. யூடெவ்வின் கையில் அந்தக் கணத்தில் வேலை எதுவும் இல்லை என்பதைத்தான் அது சொல்ல முடியும். யூஎஸ்பி ஹப் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கும் ட்யூனர், யூடெவ்வின் காதுக்கே எட்டியிராது.

முறையான வழி இரண்டு படிகளால் ஆனது. சிஸ்டம்டி எல்லாச் சாதனங்களையும் தன் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. யூடெவ்வில் சிஸ்டம்டி என்ற டேக் ஒட்டப்பட்டவற்றை மட்டுமே கவனிக்கிறது. வட்டுகளுக்கும் நெட்வொர்க் கார்டுகளுக்கும் ஒலிக் கார்டுகளுக்கும் அந்த டேக் இயல்பாகவே கிடைக்கிறது. டிவிபி வகைக் கருவிகளுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே யூடெவ்வின் விதிகள் அடைவில், டிவிபி வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் சிஸ்டம்டி டேக்கைச் சேர் என்று ஒரே ஒரு வரியில் விதி எழுத வேண்டும். கணினியை மறுதொடக்கம் செய்ததும், ட்யூனர் கோப்பு ஒவ்வொன்றுக்கும் சிஸ்டம்டியில் ஒரு டிவைஸ் யூனிட் உருவாகும். கோப்பின் பாதையில் முதல் சாய்கோட்டை நீக்கி, மற்ற சாய்கோடுகளை இடைக்கோடுகளாக மாற்றி, கடைசியில் .device என்று சேர்த்தால் அந்த யூனிட்டின் பெயர் கிடைத்துவிடும். யூடெவ் தன் விதிகளை எல்லாம் ஓட்டி முடித்த பிறகுதான் இந்த யூனிட் தயார் என்று அறிவிக்கப்படும். மேலே சொன்ன அனுமதி ஓட்டை இதனாலேயே அடைபட்டுவிடுகிறது.

இரண்டாவது படி, பதிவு மென்பொருளின் சேவைக் கோப்பில் அந்த யூனிட்டைக் குறிப்பிடுவது. டெபியனிலும் உபுண்டுவிலும் மித்டிவி சேவைக்கு மித்டிவி-பேக்எண்ட் என்று பெயர்; ஃபெடோராவில் மித்பேக்எண்ட். மூலக் கோப்பைத் திருத்தக் கூடாது, அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் அழிந்துபோகும். சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் எடிட் வசதியால் மேலொட்டுக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதில் எழுத வேண்டும்.

என்ன எழுதுவது என்பதில்தான் மிகப் பலர் இடறுகிறார்கள். ட்யூனர் யூனிட்டுக்குப் பின்னால் தொடங்கு என்று ஆஃப்டர் வரியை மட்டும் எழுதுகிறார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. சிஸ்டம்டி சொன்னதைக் கேட்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆஃப்டர் என்பது வரிசையை மட்டும் சொல்லும் சொல். இரண்டும் தொடங்கப்பட இருந்தால் எது முன், எது பின் என்பதை அது தீர்மானிக்கும். ட்யூனர் வர வேண்டும் என்று யாருமே கேட்டிருக்காவிட்டால், சிஸ்டம்டியின் வேலைப் பட்டியலில் ட்யூனர் இருக்காது. பட்டியலில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கவும் முடியாது. ஆகவே வான்ட்ஸ் என்ற இன்னொரு வரியும் வேண்டும். வான்ட்ஸ் ட்யூனரைக் கேட்கிறது. ஆஃப்டர் அது வரும்வரை நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் காத்திருப்பு.

ட்யூனர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரையும் எழுத வேண்டும். எல்லா ட்யூனர்களும் என்று பொதுப்பெயர் போட இங்கே வழியில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ட்யூனர்களுக்குப் பொருந்தாது. அடாப்டர்0 தயாராகிவிட்டதால் அடாப்டர்1உம் தயாராகியிருக்கும் என்று கொள்ள முடியாது, அவை ஒரே யூஎஸ்பி குச்சியில் இருக்கும் இரட்டை ட்யூனராக இருந்தாலும்.

வான்ட்ஸ் என்பதற்குப் பதிலாக ரிக்வயர்ஸ் என்ற கடுமையான சொல்லும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது? ட்யூனர் வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சிஸ்டம்டி இயல்பாக 90 வினாடி காத்திருக்கும். அதன் பிறகு, வான்ட்ஸ் என்று எழுதியிருந்தால் மென்பொருளை எப்படியும் தொடங்கிவிடும். ரிக்வயர்ஸ் என்று எழுதியிருந்தால் தொடங்க மறுத்துவிடும். வீட்டில் மூன்று ட்யூனர் இருந்து அதில் ஒன்று செத்துப்போனால், மற்ற இரண்டும் பதிவு செய்யத்தான் வேண்டும். பழைய பதிவுகளைப் பார்க்கவும் அதே மென்பொருள் வேண்டும். ஆகவே வீட்டுக் கணினிக்கு வான்ட்ஸ் போதும், அதுவே நல்லது. ட்யூனரைப் பிடுங்கினால் சேவையும் நின்றுபோகச் செய்யும் பைண்ட்ஸ்டூ என்ற சொல்லும் இருக்கிறது. யூஎஸ்பி இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் நடந்துகொண்டிருக்கும் பதிவுகளையெல்லாம் அது கொன்றுவிடும் என்பதால் இந்த வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த 90 வினாடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மித்டிவி, வேலை இல்லாதபோது கணினியை அணைத்துவிட்டு, அடுத்த பதிவுக்குச் சற்று முன்னால் அதைத் தானே எழுப்பிக்கொள்ளும் வசதி கொண்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் இதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கணினியில் ஒவ்வொரு பதிவும் ஒரு புதிய தொடக்கம். முந்துவது யார் என்ற போட்டி ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் நடக்கிறது. பதிவுக்கு இரண்டு நிமிடம் முன்னால் எழுப்பும்படி வைத்திருந்து, ஒரு ட்யூனர் செத்துப்போயிருந்தால், காத்திருப்பே 90 வினாடியைத் தின்றுவிடும். நல்ல ட்யூனரில் நடக்க வேண்டிய பதிவின் தொடக்கமும் ஆபத்துக்குள்ளாகும். அத்தகையவர்கள் ஒன்று, எழுப்பும் நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு முன்தள்ள வேண்டும். அல்லது அந்த டிவைஸ் யூனிட்டுக்கு ஒரு மேலொட்டுக் கோப்பு எழுதி, காத்திருக்கும் வரம்பைக் குறைக்க வேண்டும். முதலாவதே எளிது.

அடாப்டர் எண்கள் இடம் மாறுவது தனிக் கோளாறு, ஆனால் இதோடு சேர்ந்தே வரும். வீட்டில் ஒரு செயற்கைக்கோள் கார்டும் ஒரு தரைவழி ட்யூனரும் இருந்தால், எது முதலில் எழுகிறதோ அது அடாப்டர்0 ஆகிவிடும். மென்பொருள் தரைவழி அலைவரிசையைச் செயற்கைக்கோள் கார்டிடம் கேட்கும், ஒன்றும் வராது. டிரைவர்கள் வெவ்வேறாக இருந்தால், ஒவ்வொரு டிரைவருக்கும் அடாப்டர் எண்ணை நிர்ணயிக்கும் தேர்வு ஒன்று உண்டு. மாட்யூல் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். ஒரே வகைக் கார்டு இரண்டு இருந்தால், அவை செருகப்பட்ட இடத்தை அல்லது வரிசை எண்ணை வைத்து யூடெவ்வில் நிரந்தர மாற்றுப்பெயர் கொடுக்கலாம். அப்படிச் செய்யும்போது ஃப்ரண்ட்எண்ட் கோப்புக்கு மட்டும் மாற்றுப்பெயர் கொடுத்தால் போதாது. மித்டிவி ஃப்ரண்ட்எண்டின் பாதையை வைத்துத்தான் அதன் டிமக்ஸ், டிவிஆர் கோப்புகளைக் கண்டுபிடிக்கிறது. மூன்றும் ஒரே மாற்று அடைவில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் எல்லை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. டிவைஸ் யூனிட் தயார் என்றால் கோப்பு தயார், அனுமதி தயார் என்று பொருள். ட்யூனரின் எல்லா உறுப்பும் தயார் என்று பொருளாகாது. பிரிட்டனில் 2009 டிசம்பரில் தொடங்கிய ஃப்ரீவியூ எச்டி, டிவிபி-டி2 தரத்தைப் பயன்படுத்துகிறது. அதைப் பெறும் ட்யூனர்களில் சிலிகான் லேப்ஸ் நிறுவனத்தின் எஸ்ஐ2168 சிப் பரவலாக இருக்கிறது. அந்தச் சிப், கோப்பு உருவாகும்போது ஃபர்ம்வேரைக் கேட்பதில்லை. யாராவது முதல் முறையாக ஃப்ரண்ட்எண்டைத் திறக்கும்போதுதான் கேட்கிறது. ஆகவே ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இல்லாத கணினியிலும் டிவைஸ் யூனிட் பச்சையாகவே இருக்கும். பதிவு மட்டும் விழாது. முதல் அலைவரிசையைப் பிடிக்க மற்றவற்றைவிடச் சற்று அதிக நேரம் ஆவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தத் தாமதத்துக்கு மருந்து சிஸ்டம்டியில் இல்லை. மென்பொருளின் அமைப்புகளில் ட்யூனருக்குக் கொடுக்கும் காலவரம்பைக் கூட்டுவதில் இருக்கிறது.

எச்டிஹோம்ரன் போல நெட்வொர்க் வழியாக இயங்கும் ட்யூனர் பெட்டிகளுக்கு மேலே சொன்ன டேக் எதுவும் பொருந்தாது. அவற்றுக்கு டெவ் அடைவில் கோப்பே கிடையாது. அங்கே காத்திருக்க வேண்டியது நெட்வொர்க்குக்காக. நெட்வொர்க் டார்கெட் என்று எழுதினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். நெட்வொர்க்கை நிர்வகிக்கும் நிரல் தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. முகவரி கிடைத்து இணைப்பு ஏற்பட்டுவிட்டது என்பதைச் சொல்வது நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட். அதையும் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டிலும் எழுத வேண்டும். மின்தடைக்குப் பின் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது, கணினிக்கு முகவரி கிடைத்துவிட்டாலும் பெட்டி இன்னும் எழுந்திருக்காது என்ற சிக்கல் அப்போதும் மிச்சமிருக்கும். அந்தப் பெட்டிக்கு ஒரு நிலையான முகவரி கொடுத்து, அது பதில் சொல்லும்வரை விசாரிக்கும் சிறு ஸ்கிரிப்டை, மேல் வரம்போடு, சேவைக்கு முன்னால் ஓடவைப்பது இங்கே நியாயமான வழி.

மித்டிவி தன் தகவல்களை மரியாடிபி அல்லது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. தரவுத்தளம் எழுந்த பிறகே மித்டிவி தொடங்க வேண்டும் என்ற வரிசை பெரும்பாலும் விநியோகங்களின் சேவைக் கோப்பிலேயே இருக்கும். தரவுத்தளம் வேறொரு கணினியில் இருந்தால் மட்டும் கவனம் தேவை.

இந்தக் காத்திருப்பு முழுவதும் பயனரின் தலையில் விழ வேண்டிய சுமைதானா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மித்டிவி தொடங்கும்போது ஒருமுறை தன் கார்டுகளைத் திறந்து பார்க்கிறது. ஏதாவது ஒன்று திறக்க மறுத்தால், லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அதை ஒதுக்கிவைத்துவிடுகிறது. அரை வினாடி கழித்து அந்தக் கார்டு தயாரானாலும், சேவையை மறுதொடக்கம் செய்யும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. டிவிஹெட்எண்ட் என்ற இன்னொரு பதிவு மென்பொருள் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது. அது டிவிபி அடைவைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. புதிய அடாப்டர் எப்போது முளைத்தாலும் அதைச் சேர்த்துக்கொள்கிறது. ட்யூனர் தாமதமாக வந்தால் தாமதமாகச் சேர்கிறது, அவ்வளவே. தொடக்க வரிசை என்ற பிரச்சினையின் பெரும்பகுதி அங்கே எழுவதே இல்லை. யூஎஸ்பி கருவி எந்த நேரமும் பிடுங்கப்படலாம், செருகப்படலாம் என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட நிரல் அது. இந்த ஒரு விஷயத்தில் டிவிஹெட்எண்டின் அணுகுமுறையே சரியானது என்பது என் தீர்மானமான கருத்து. மித்டிவி 2002இல் பிறந்தபோது ட்யூனர் என்பது கணினிக்குள் திருகி இறுக்கப்பட்ட பிசிஐ கார்டு. தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைத்தது அன்றைக்கு நியாயமே. இன்று அந்த அனுமானம் காலாவதியாகிவிட்டது.

திருத்தங்களைச் செய்தவர்கள் பலித்ததா என்று பார்க்காமல் விடக் கூடாது. டிவைஸ் வகை யூனிட்டுகளைப் பட்டியலிடச் சொன்னால் ட்யூனர்களின் பெயர் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் யூடெவ் விதி வேலை செய்யவில்லை. சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையின் கிரிட்டிக்கல் செயின் வசதியில் பதிவு சேவையின் பெயரைக் கொடுத்தால், அது எதற்காக எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டும். ட்யூனரின் பெயர் அந்தச் சங்கிலியில் வந்தால் நாம் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. சூடான மறுதொடக்கத்தில் மட்டும் சோதித்து நிறைவடைய வேண்டாம். மின்சாரம் போகாத மறுதொடக்கத்தில் பல யூஎஸ்பி ட்யூனர்கள் ஏற்கெனவே ஏற்றிய ஃபர்ம்வேரை விடாமல் வைத்திருக்கும், சீக்கிரமே தயாராகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். உண்மையான சோதனை அதுதான்.

விநியோகங்களுக்குப் பதிவு மென்பொருளைத் தொகுத்துத் தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிவிபி கருவிகளுக்கு டேக் ஒட்டும் அந்த ஒரு வரி விதியை உங்கள் தொகுப்போடு சேர்த்தே கொடுங்கள். அதனால் எந்தக் கணினிக்கும் தீங்கு இல்லை. எந்த ட்யூனருக்குக் காத்திருக்க வேண்டும் என்பதைப் பயனர்தான் சொல்ல முடியும். சொல்வதற்கான வசதியையாவது நீங்கள் செய்து தரலாம். பயனர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் சேவைக் கோப்பில் இன்னும் ஸ்லீப் 30 என்ற வரி இருந்தால், இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதை எடுத்துவிட்டு, ட்யூனர்களின் பெயரை அங்கே எழுதிவிடுங்கள்.